தேற்றத்துக்கு ஒரு விலாசம்

கதை எழுதுகிறவனுக்குக் கணிதப் புத்தகத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கணிதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இன்டர்மீடியட் வகுப்போடு எனக்கும் அதற்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. அந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு தேற்றத்தின் தலையிலும் உட்கார்ந்திருக்கிறதே ஒரு எண், அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது கணித விஷயமல்ல. எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இடையே உள்ள விஷயம். அதில் கருத்துச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

நாவலில் அத்தியாயத்துக்கு எண் போடுகிறோம். அது வெறும் உபசாரம். ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்தபோது பதினொன்று என்ற எண் இரண்டு வாரம் தொடர்ந்து அச்சாயிற்று. ஒரு வாசகர்கூடக் கடிதம் எழுதவில்லை. கதாநாயகிக்கும் ஒரு குறையும் நேரவில்லை. கணிதத்தில் அப்படி நடந்தால் வீடு இடிந்துவிடும். ‘துணைத் தேற்றம் 7-ன்படி’ என்று ஒரு நிரூபணம் சொல்லும்போது அந்த ஏழு அலங்காரமல்ல, தூண். அதைப் பிடுங்கி எட்டை நட்டால் நிரூபணம் தொங்கிப் போகிறது. ஒழுங்காக நட்ட எண்ணுக்கு இருக்கிற ஆயுளையும் பாருங்கள்: இன்று அச்சாகிற யூக்ளிட் பதிப்பு எதை எடுத்தாலும், முதல் புத்தகத்தின் 47-ஆம் தேற்றம் என்றால் செங்கோண முக்கோணத்தைப் பற்றிய பைதகரஸ் தேற்றம்தான். பாஷை மாறினாலும் விலாசம் மாறுவதில்லை.

இந்த எண்ணின் வலிமையைக் காண நாம் கிரேக்க தேசம் வரை போக வேண்டியதில்லை, கும்பகோணம் போதும். ராமானுஜன் பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில், 1903 வாக்கில், கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கணிதச் சுருக்கம் அவர் கைக்கு வந்தது. கார் லண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்த டியூஷன் வாத்தியார். அவருடைய புத்தகம் 1886-ல் முழுமையாக வெளிவந்தது. சூத்திரங்களும் தேற்றங்களும் வரிசையாக எண் பெற்று ஆறாயிரத்தைத் தாண்டிச் செல்லும். நிரூபணம் என்று பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. முன்னால் வந்த இன்ன எண்ணைப் பார் என்ற குறிப்புத்தான். ஒரு மகாமேதைக்குக் கணிதத்தைக் கற்றுக் கொடுத்தது, ஏறக்குறைய எண்களால் தைத்த ஒரு புத்தகம்!

பின்னால் ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களை எழுதியபோது அவரும் அதே மாதிரிதான் எழுதினார். அத்தியாயம் பிரித்து, எண் போட்டு, முடிவை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். 1957-ல் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் அந்த நோட்டுகளை அவர் கையெழுத்திலேயே புகைப்படப் பிரதியாக இரண்டு பாகங்களில் வெளியிட்டது. 1985-லிருந்து 1998 வரை புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஐந்து பாகங்களில் அவற்றுக்கு விளக்கமும் நிரூபணமும் எழுதினார். இன்றும் ஒரு பிரசித்தமான கூட்டல் சூத்திரத்தைக் குறிப்பிட வேண்டுமானால், இரண்டாம் நோட்டு, 16-ஆம் அத்தியாயம், 17-ஆம் பதிவு என்கிறார்கள். அந்த எண் ராமானுஜன் தம் கையால் போட்டது. யாரும் அதைத் திருத்தி ‘ஒழுங்கு’ செய்யவில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி என் குறைக்கு வருகிறேன். தற்காலக் கணித நூல் ஒன்றைப் புரட்டுங்கள். ஒரே பக்கத்தில் வரையறை 5, துணைத் தேற்றம் 3, தேற்றம் 8, கிளைத் தேற்றம் 2 என்று நான்கு வரிசைகள் நான்கு கதியில் ஓடுவதைச் சில நூல்களில் காணலாம். நிரூபணம் ‘துணைத் தேற்றம் 4-ஐக் காண்க’ என்கிறது. கையில் இருப்பதோ தேற்றம் 8. நாலு என்பது முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? பக்கம் பக்கமாகத் தள்ளித் தேட வேண்டியதுதான். ஒரு தெருவில் ஓட்டு வீடுகளுக்குத் தனி எண், மாடி வீடுகளுக்குத் தனி எண், கடைகளுக்குத் தனி எண் என்று போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அந்தக் கதிதான் படிக்கிறவனுக்கும்.

ஒரே வரிசையில், வரையறை 3.1, துணைத் தேற்றம் 3.2, தேற்றம் 3.3 என்று போட்டுவிட்டால் தீர்ந்தது. சிலர் இன்னும் ஒரு படி போய் எண்ணை முன்னால் வைத்து, ‘3.3 தேற்றம்’ என்று அச்சிடுகிறார்கள். பார்க்கக் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் ஓரத்தில் கண்ணை ஓட்டித் தேடுகிறவனுக்கு அது பெரிய உபகாரம். ஒரே வரிசை போட்டால் நூலில் மொத்தம் எத்தனை தேற்றம் என்று தெரியாமல் போகிறதே என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. யாருக்குத் தெரிய வேண்டும்? பிரதான தேற்றம் எது என்பது மறைந்துவிடும் என்பதும் ஒரு வாதம். பிரதானமானதற்குப் பெயர் வையுங்கள். மூத்த பிள்ளையை அடையாளம் காட்டக் கதவு எண்ணையா காட்டுகிறோம்?

இந்தக் குழப்பத்தில் யந்திரத்துக்கும் பங்கு இருக்கிறது. டொனால்டு நூத் என்ற பேராசிரியர் தம் நூலின் இரண்டாம் பாகத்துக்குப் புதிய பதிப்பு வரும்போது புரூபைப் பார்த்து மனம் நொந்து, 1977-ல் தாமே அச்சுக் கோக்கும் கம்ப்யூட்டர் முறை ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அதுதான் டெக். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். கணிதம் எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்று இதில்தான் எழுதுகிறார்கள். தேற்றத்துக்கு எழுதுகிறவர் ஒரு செல்லப் பெயர் மட்டும் வைத்தால் போதும். எண்ணை யந்திரம் போட்டுக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று தனியே குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்தில் வேண்டிய இடங்களில் எல்லாம் நிரப்பும். பெயர் அகப்படாவிட்டால் எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறிகளைத் தடித்த எழுத்தில் அச்சடித்துவிடும். கம்பாஸிட்டர்கூட அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. ஆனால் ஒரே வரிசை வேண்டும் என்று கேட்டால்தான் அது ஒரே வரிசை போடும். கேட்காதவருக்கு ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி வரிசை. நாலு வரிசைப் புத்தகங்கள் பல, யாரும் யோசித்து முடிவு செய்ததால் பிறந்தவையல்ல. யாரும் யோசிக்காததால் பிறந்தவை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஈய எழுத்துக் காலத்தில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு தேற்றம் தோன்றிவிட்டால் ஆசிரியர் அதை ‘5அ’ என்று நுழைப்பார். அவலட்சணம்தான். ஆனால் ஆறு ஆறாகவே இருந்தது. இப்போது நடுவில் ஒன்றை நுழைத்தால் பின்னால் உள்ளவை எல்லாம் சத்தமில்லாமல் ஒவ்வோர் இடம் தள்ளி உட்கார்ந்துவிடுகின்றன. எழுதுகிறவருக்குச் சிரமமே இல்லை. சிரமம் எல்லாம், பழைய பதிப்பைப் பார்த்து ‘தேற்றம் 4.2’ என்று தம் கட்டுரையில் எழுதிவிட்ட இன்னொருவருக்கு. முன்பிரதியில் ஓர் எண், பத்திரிகையில் அச்சாகும்போது வேறு எண் என்பதும் சகஜமாகிவிட்டது. எழுதுகிறவனுக்கு எளிதாக ஆக ஆக, படிக்கிறவன் காலடியில் தரை நகர்கிறது.

வைட்ஹெட்டும் ரஸ்ஸலும் 1910-லிருந்து 1913 வரை வெளியிட்ட மூன்று பாக நூலைப் பாருங்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்கு அடிப்படையான தேற்றம் அதில் 54.43. கூட்டல் என்றால் என்ன என்பதையே பின்னால்தான் வரையறுக்கிறார்கள். ஆகையால் விஷயம் பூர்த்தியாவது இரண்டாம் பாகத்தில், 110.643-ல்! தசமப் புள்ளி வைத்ததால் எந்த இரண்டு எண்களுக்கு நடுவிலும் மூன்றாவதற்கு இடம் உண்டு. அத்தியாய வரிசையிலும் ஐந்துக்குப் பிறகு ஒன்பது என்று இடைவெளிகள் இருந்தன. 1925-ல் இரண்டாம் பதிப்பு தொடங்கியபோது புதிதாகச் சொல்ல வேண்டியவற்றைப் பின்னிணைப்பில் சேர்த்து, காலியாக இருந்த 8-ஐயும் 89-ஐயும் அவற்றுக்குக் கொடுத்தார்கள். பழைய குடித்தனக்காரர் ஒருவரும் வீடு மாறவில்லை.

அவர்களோடு பழகிய விட்கன்ஸ்டைன் தம் சிறு நூலில் இந்தத் தசம எண்ணையே அந்தஸ்தாக்கிவிட்டார். புள்ளிக்குப் பின் இலக்கம் குறையக் குறைய வாக்கியத்துக்குக் கௌரவம் அதிகம். 2-க்கு அடுத்தபடி 2.01 வருகிறது, 2.1 பிறகுதான் வருகிறது. வாக்கியத்தின் எடையை வாக்கியமே காட்ட வேண்டாமா? எனக்கு அது ரசிக்கவில்லை.

நம் காலத்தில் இதற்கு நல்ல வழி கண்டவர்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்து டி யோங் 2005-ல் தொடங்கிய ‘ஸ்டாக்ஸ்’ என்ற பெரிய கூட்டு நூல்காரர்கள். இயற்கணித வடிவியல் பற்றிய அந்த நூல் ஏழாயிரம் பக்கங்களையும் தாண்டி இன்னும் வளர்கிறது. அதில் தேற்ற எண்கள் இஷ்டம்போல் மாறும். ஆனால் ஒவ்வொரு தேற்றத்துக்கும் இலக்கமும் எழுத்தும் கலந்த நாலு குறிகள் கொண்ட ஒரு முத்திரை உண்டு. தேற்றம் எங்கே குடிபோனாலும் அது மாறாது. மேற்கோள் காட்டுகிறவர்கள் அதைத்தான் குறிக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. அந்த முத்திரையைப் பார்த்து எது முன், எது பின் என்று மட்டும் சொல்ல முடியாது. அதற்கு எண் பக்கத்திலேயே இருக்கிறது.

இத்தனைக்கும் காரணமான நூத் தம் நூலில் என்ன செய்கிறார் தெரியுமா? தேற்றங்களுக்கும் கணக்கு முறைகளுக்கும் எண்ணே போடுவதில்லை. ஆங்கில எழுத்துக்களைக் கொடுக்கிறார். முதல் பாகத்தில் முதலாவதாக வரும் யூக்ளிடின் முறைக்கு, அவர் பெயரின் முதல் எழுத்தாகிய ‘ஈ’.