பூங்குழலியும் தமிழரின் தற்படிமமும்

ஒரு மக்கள் தம்மைப் பற்றித் தாமே வரைந்துகொள்ளும் சித்திரம் தற்படிமம். 'நாம் கடலாண்ட இனம்' என்பது தமிழரின் தற்படிமங்களில் ஒன்று. அதைப் பரவலாக்கியதில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954) நாவலுக்குப் பெரும்பங்குண்டு. மணிரத்னத்தின் திரைப்படங்கள் (2022, 2023) அதை அடுத்த தலைமுறைக்கும் கொண்டுசென்றன.

இப்படிமத்தைச் சோதித்துப் பார்க்க உதவும் பாத்திரம் பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் கொண்டுசேர்ப்பவள். புயற்கடலில் தத்தளிக்கும் அருள்மொழிவர்மனையும் அவனையும் மீட்பவள். இளவரசனைவிடக் கடலை நன்கு அறிந்தவளாக ஒரு படகுக்காரப் பெண்ணைப் படைத்தது கல்கியின் சிறப்பு.

ஆனால் முடிவில் அவள் உத்தம சோழனின் அரசியாகிறாள். கடலை விட்டு அரண்மனை புகுவதே அவளுக்குரிய உயர்வாகிறது. வலையும் மீன்பாடும் கதையின் மையத்துக்கு வருவதில்லை.

பல்கேரியரிடம் வேறுவகைச் சித்திரம் ஒன்று உண்டு. அலெக்கோ கான்ஸ்டான்டினோவின் 'பாய் கன்யோ' (1895) நூலின் நாயகன், ஐரோப்பாவெங்கும் ரோஜா எண்ணெய் விற்கச் செல்லும் நாகரிகமற்ற வணிகன். 'இவன் நாம்தானா?' என்று பல்கேரியர் இன்றும் விவாதிக்கின்றனர். அந்த நூல் தன்னைத்தானே கேள்வி கேட்க வைத்தது. நம் கடற்பெருமை அப்படிக் கேட்க வைப்பதில்லை.

காரைக்கால் பகுதியின் பட்டினச்சேரி போன்ற ஊர்களில் இன்றும் கடலை நம்பி வாழ்வோர் மீனவர்களே. சோழர் கப்பல்களைக் கொண்டாடும் நாம் அவர்களையும் 'நாம்' என்று எண்ணுகிறோமா? நாவலைப் படிக்கும் மாணவர்கள் இக்கேள்வியோடு பூங்குழலியின் பகுதிகளை மீண்டும் படிப்பது நல்லது.