சமக்குறி செய்த குழப்பம்

கணிப்பொறி மொழியைக் கற்க முற்படும் மாணவர் முதல் பாடங்களிலேயே விந்தையான ஒரு வரியைச் சந்திக்கிறார். க = க + 1 என்பதே அவ்வரி. எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடிய எண்ணுக்குச் சமமாகாது என்று பள்ளிக் கணக்கு அவருக்குக் கற்பித்திருக்கிறது. ஆகவே அவர் திகைக்கிறார். தமக்கு இக்கலை வராது என்றும் முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் குறை அவரிடம் இல்லை. மொழியை வகுத்தவர்களிடமே உள்ளது.

சமக்குறியை 1557-இல் அச்சில் அறிமுகப்படுத்தியவர் ராபர்ட் ரெக்கார்டு என்னும் வேல்ஸ் நாட்டு அறிஞர். இரு இணைகோடுகளைக் காட்டிலும் ஒத்தவை வேறில்லை என்பது அவர் தந்த விளக்கம். கணிதத்தில் அக்குறி ஓர் உண்மையைக் கூறுகிறது. இருபுறத்தையும் இடம் மாற்றினாலும் அவ்வுண்மை கெடாது. கணிப்பொறி மொழியிலோ அது ஓர் ஆணை. வலப்புறத்தைக் கணக்கிட்டு, விடையை இடப்புறப் பெயர் குறிக்கும் நினைவிடத்தில் வை என்பது அதன் பொருள். க-வில் 5 இருந்தால், ஆணை முடிந்தபின் 6 இருக்கும். இங்கே புறங்களை இடம் மாற்ற இயலாது.

1957-இல் வெளிவந்த ஃபார்ட்ரான் இவ்வேலைக்குச் சமக்குறியையே எடுத்துக்கொண்டது. ஆல்கால் 60 மொழியும், 1970-இல் நிக்லாஸ் விர்த் அளித்த பாஸ்கலும் அதன் முன் முக்காற்புள்ளி சேர்த்து, := எனத் தனிக்குறி வகுத்தன. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் படைத்த பேசிக் மொழியில், வரியின் முன்னே ‘லெட்’ என்ற சொல் வந்தது. ‘இவ்வாறு ஆகட்டும்’ என்று அது ஆணையை உணர்த்திற்று. பின்னர் வந்த பல பேசிக் வகைகள் அச்சொல் இல்லாமலும் எழுதலாம் என்றன. எழுத்து மிச்சமாயிற்று, தெளிவு போயிற்று.

டெனிஸ் ரிட்சியின் சி மொழி, ஒப்பிடுவதற்கு == என்னும் இரட்டைக் குறியை வைத்தது. கைதவறி ஒன்றை விட்டால், ஒப்பிட வேண்டிய வரி மதிப்பை மாற்றிவிடும். மொழி அதைத் தடுப்பதில்லை. 2003-இல் லினக்ஸ் நிரலின் ஒரு பிரதியில் யாரோ அத்தகைய வரியை வேண்டுமென்றே நுழைத்தனர். பயனர் எண் சுழியா என்று வினவுவதுபோல் தோன்றிய அது, உண்மையில் அவ்வெண்ணைச் சுழியாக்கியது. சுழி எண் உடையவருக்குக் கணிப்பொறியின் முழு அதிகாரமும் உண்டு! நல்லவேளையாக அது விரைவில் கண்டுபிடித்து நீக்கப்பட்டது.

1991-இல் வெளிவந்த பைத்தான், நிபந்தனை வரியில் ஒற்றைச் சமக்குறியைக் கண்டால் பிழையெனக் கூறி நின்றுவிடுகிறது. பாராட்டத்தக்க காப்பு இது. எனினும் மதிப்பை இடுவதற்கு அதுவும் பழைய குறியையே வைத்திருக்கிறது.

குறியை இனி மாற்றுவது அரிது. வாசிக்கும் முறையை மாற்றலாம் அன்றோ? ‘க சமம் க கூட்டல் ஒன்று’ என்று ஆசிரியர்கள் வாசிக்க வேண்டாம். ‘க-வில் ஒன்று கூட்டி, மீண்டும் க-வில் வை’ என்று வாசிக்கட்டும். மாணவரின் திகைப்பில் பாதி அப்பொழுதே தீரும்.