மால்கம் எக்ஸ்: மேடையும் மெய்ம்மையும்

பேச்சாளன் அவையின்முன் முதலில் வைப்பது தன் வாதத்தை அன்று, தன்னையே. "இவன் யார்? இவன் சொல்லை நாம் ஏன் ஏற்கவேண்டும்?" என்னும் வினாவே கேட்போர் உள்ளத்தில் முந்தி எழுகிறது. வள்ளுவர் சொல்வன்மையோடு அமையாது அவையறிதலுக்கும் தனி அதிகாரம் வகுத்தார். கேட்போர் நிலைக்கு இயைந்த தெளிந்த பேச்சையே அரபு அறிஞர்கள் 'பலாகத்' என்றனர். இவ்வளவுகோல்களைக் கொண்டு, 1964 ஏப்ரல் 3ஆம் நாள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மால்கம் எக்ஸ் ஆற்றிய 'வாக்குச்சீட்டா, துப்பாக்கிக் குண்டா' என்னும் உரையை நோக்குவோம்.

கூட்டம் நடந்தது ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில். பேசியவரோ முஸ்லிம், எலிஜா முஹம்மதின் இயக்கத்தைவிட்டு விலகுவதாக அறிவித்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. அவர் தம் மார்க்கத்தை மறைத்தாரா? இல்லை. தாம் முஸ்லிமே என்று தொடக்கத்திலேயே உரைத்தார். பின்னர், மார்ட்டின் லூதர் கிங்கும் ஆடம் கிளேட்டன் பவலும் கிறித்தவப் போதகர்களாக இருந்தவாறே கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடுவதைச் சுட்டி, தாம் ஒரு முஸ்லிம் போதகர் என்றார். வேற்றுமையை ஒப்புக்கொண்டே ஒற்றுமையை நாட்டிய திறம் இது.

அடுத்து, தாம் அரசியல்வாதி அல்லர், அரசியல் பயின்றவரும் அல்லர், தம்மை அமெரிக்கராகக்கூடக் கருதுவதில்லை என்று அடுக்கடுக்காக மறுக்கிறார். எஞ்சி நிற்பது ஒரே உருவம்: கொடுமைக்குள்ளான இரண்டு கோடியே இருபது இலட்சம் கறுப்பின மக்களுள் ஒருவர். அவ்வுருவில் நின்றுகொண்டுதான் கட்சிகளின் கணக்கையும் நாடாளுமன்றச் சூழ்ச்சியையும் நுணுகி விளக்குகிறார். பணிவாகத் தொடங்கிய அறிவு பன்மடங்கு எடுபடுகிறது.

குறையும் உண்டு. குடியுரிமைப் போராட்டத்தை மனித உரிமைப் போராட்டமாக உயர்த்தி ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே உரையின் ஆழ்ந்த கருத்து. தலைப்பின் வெடியோசை அதனை அமிழ்த்திவிடுகிறது.

இத்தோற்றம் வெறும் வேடமா? அம்மாதமே அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். வெள்ளையர் அனைவரையும் ஒரே தட்டில் நிறுத்திய தம் பழைய எண்ணத்தை, மக்காவில் கண்ட சகோதரத்துவம் மாற்றியதை வெளிப்படையாக எழுதினார். வேடதாரி கைதட்டல் பெற்ற வேடத்தைக் களையமாட்டான், இவரோ களைந்தார். 1965 பிப்ரவரி 21ஆம் நாள் நியூயார்க்கில் பேச எழுந்த மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவைக்கேற்பப் பேச்சின் வாயிலை மாற்றலாம். உள்ளிருக்கும் உண்மையை மாற்றலாகாது. மேடையேறும் நம் இளைஞர்கள் அவரிடம் கற்கவேண்டிய பலாகத் இதுவே.