முன்பணமாகக் கிடைக்காத தைரியம்

பக்திக் கவிதை என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுளித்துப் போகிறது. தெய்வம் துணை நிற்கிறது, ஆகவே பயமில்லை என்ற சூத்திரத்தை எதுகை மோனையோடு சொல்லிவிட்டால் கவிதையாகிவிடும் என்ற நினைப்பு சர்ச்சிலும் இருக்கிறது, கோயில் கும்பாபிஷேக மலர்களிலும் இருக்கிறது. சுளிப்பு நியாயமே. ஆனால் அந்தச் சுளிப்புக்குள் இன்னொரு சூத்திரம் ஒளிந்துகொண்டிருக்கிறது: சந்தேகம் நேர்மையானது, நம்பிக்கை பாசாங்கு, உடைந்த வரி உண்மை பேசும், சந்தம் பொய் பேசும். இதை நாம் யோசித்து ஏற்றுக்கொண்டோமா, பழக்கத்தில் ஒட்டிக்கொண்டதா? டீட்ரிஷ் போன்ஹோஃபர் சிறையில் எழுதிய இரண்டு கவிதைகளை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி உறைத்தது.

போன்ஹோஃபர் (1906–1945) கவிஞராக அறியப்பட்டவர் அல்ல. ஜெர்மன் லூத்தரன் பாதிரியார், இறையியலாளர். ஹிட்லருக்கு வளைந்துகொடுத்த சபையை எதிர்த்து நின்றவர். பிறகு ஹிட்லரைத் தீர்த்துக்கட்ட முயன்ற சதியாளர்களோடு சேர்ந்தவர். (1934ல் காந்தி அவரைத் தம் ஆசிரமத்துக்கு வரச்சொல்லி எழுதினார். அவர் வரவில்லை. வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது விமர்சகனின் வேலையல்ல.) 1943 ஏப்ரல் 5ல் கைது. பெர்லினில் டேகல் ராணுவச் சிறையில் ஒன்றரை வருஷம். 1944 அக்டோபரில் கெஸ்டபோ தலைமையகத்தின் நிலவறை. 1945 ஏப்ரல் 9ல் ஃப்ளோஸன்பர்க் முகாமில் தூக்கு. சிறைக் கடிதங்களையும் கவிதைகளையும் நண்பர் எபர்ஹார்ட் பெத்கே 1951ல் நூலாக்கினார்.

'நான் யார்?' 1944 கோடையில் டேகலில் எழுதப்பட்டது. முதல் பகுதியில் மற்றவர்கள் பார்க்கும் மனிதர் வருகிறார். நிதானம், சிரித்த முகம், சொந்த வீட்டில் நடமாடுபவரின் மிடுக்கு. அடுத்த பகுதியில் அவருக்கு மட்டுமே தெரிந்த மனிதர். மூச்சு முட்டுகிறது, நிறங்களுக்கும் பூக்களுக்கும் ஏங்குகிறார், அற்ப அவமானத்துக்கும் கோபத்தில் நடுங்குகிறார், ஜெபிக்கக்கூட தெம்பில்லை. இருவரில் நான் யார்? இருவருமா? பிறகு தோற்றுச் சிதறி ஓடும் படையின் படிமம். அது ஓடுவது ஏற்கனவே முடிந்துவிட்ட வெற்றிக்கு முன்னால். யாருடைய வெற்றி என்று சொல்லவில்லை. இந்த இடத்தின் இருண்மைக்கு ஈடானதைப் பெரிய கவிஞர்களிடமும் அடிக்கடி பார்த்துவிட முடியாது.

முடிவுதான் சிக்கல். கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லாமல், நான் யாராக இருந்தாலும் உனக்குத் தெரியும், உன்னுடையவன் என்ற பொருளில் கடவுளைப் பார்த்துப் பேசி நிறுத்திவிடுகிறார். முதலில் படித்தபோது விடை தெரியாத மாணவன் தாளை மடித்து நீட்டுவதுபோலப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தக் கடைசி வரி முன்னால் வந்த எதையும் அழிக்கவில்லை. நடுக்கம் நடுக்கமாகவே இருக்கிறது. தைரியம் கொடு என்ற கோரிக்கை கவிதையில் எங்கும் இல்லை. பலவீனன் தன் பலவீனத்தோடு ஒருவரால் அறியப்பட்டிருக்கிறான் என்பதற்கு மேல் எதையும் அவர் உரிமை கொண்டாடவில்லை. கடவுளின் பிரசன்னம் என்பது இங்கே இவ்வளவுதான். இவ்வளவு சொற்பமாக இருப்பதால்தான் நம்ப முடிகிறது.

இது தற்செயல் அல்ல. கைதாவதற்கு முன், 1942 இறுதியில், நண்பர்களுக்காக எழுதிய கட்டுரையில் அவர் சொல்கிறார்: நெருக்கடியில் எவ்வளவு பலம் தேவையோ அவ்வளவையும் கடவுள் தருவார், ஆனால் முன்கூட்டித் தருவதில்லை, தந்தால் நாம் அவரை விட்டு நம்மையே நம்பத் தொடங்கிவிடுவோம். அதாவது முன்பணம் கிடையாது. 1944 ஏப்ரல் 30 கடிதத்தில் இன்னும் கடுமை: மனித அறிவும் சக்தியும் தீர்ந்துபோன மூலையில் மட்டும் கடவுளைக் கூப்பிடும் மதவாதிகள் மேல் அவருக்கு எரிச்சல். வலி வந்தால் தேடும் தைலப் புட்டியாக அல்ல, வாழ்வின் நடுவில் அவரைப் பார்க்க வேண்டும் என்கிறார். தைலப் புட்டி என் வார்த்தை.

இரண்டாவது கவிதை 'நல்ல சக்திகளால்'. 1944 டிசம்பர் 19 தேதியிட்டு, தான் மணக்கவிருந்த மரியா ஃபான் வேடமையருக்கு நிலவறையிலிருந்து எழுதிய கடிதத்தோடு போனது. பெற்றோருக்கும் சேர்த்துப் புதுவருஷ வாழ்த்து. அப்போது அவருடைய ஓர் அண்ணனும் சகோதரிகளின் கணவர் இருவரும்கூடச் சிறையில். கேள்விகளைக் கொட்டியவர் இங்கே ஒழுங்கான நாலடிச் செய்யுளுக்கு, இயைபுக்கு, பழைய லூத்தரன் பாட்டின் நடைக்குத் திரும்பிவிடுகிறார். நம் சூத்திரப்படி இது சறுக்கல். ஆனால் ஏழு பாட்டில் மூன்றாவதைப் பாருங்கள். கசப்பு விளிம்புவரை நிரம்பிய பாத்திரத்தைக் கொடுத்தாலும் நடுங்காமல் வாங்கிக்கொள்வோம் என்கிறது. ஜூலையில் கோபத்தில் நடுங்கியதைச் சொல்ல ஜெர்மனில் எந்த வினையைப் பயன்படுத்தினாரோ அதே வினைதான் இங்கே மறுக்கப்படுகிறது. நடுக்கத்தை ஒப்புக்கொண்டவன் எழுதியதால்தான் இந்த 'நடுங்காமல்' வீரவசனமாகக் கேட்கவில்லை. இன்னொன்று: 'நான்' இங்கே சீக்கிரமே 'நாங்கள்' ஆகிவிடுகிறது. வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறவனுக்குத் தன் ஆராய்ச்சியை நீட்டிக்கொண்டிருக்க அவகாசமில்லை. அவர்கள் சேர்ந்து சொல்லக்கூடிய சந்தம் தேவை.

இந்தக் கவிதைக்கு நேர்ந்ததுதான் வருத்தம். ஸீக்ஃப்ரீட் ஃபீட்ஸ் 1970ல் இதற்கு அமைத்த மெட்டு மிகப் பிரபலம். அதில் ஏழாவது பாட்டு பல்லவியாகிவிட்டது. அடைக்கலத்தைச் சொல்லும் அந்த நாலு வரி கசப்புப் பாத்திரத்தைக் கடந்து வந்து சேரவேண்டிய இடம். பல்லவியாக அது ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் தயாராக நிற்கிறது. மூன்றாவது பாட்டை எட்டும்போது ஆறுதல் கைக்கு வந்துவிட்டது. எதை முன்கூட்டித் தருவதில்லை என்று அவர் எழுதினாரோ அதை மெட்டு முன்கூட்டித் தந்துவிடுகிறது. பாடுகிறவர்களைக் குறை சொல்ல நான் யார். துக்க வீட்டில் அந்தப் பல்லவி எத்தனையோ பேரைத் தாங்கியிருக்கும். ஆனால் கவிதை அதுவல்ல.

அவர் மரணத்தையும் இப்படித்தான் மெட்டுப் போட்டுவிட்டார்கள். முகாம் மருத்துவர் பத்து வருஷம் கழித்து எழுதிய குறிப்பு எல்லா வரலாறுகளிலும் இடம்பெறுகிறது: மண்டியிட்டு ஜெபித்தார், அமைதியாக ஏறினார், சில நொடிகளில் உயிர் போயிற்று. அங்கே தூக்கு அப்படி விரைவாக முடிகிற காரியமல்ல என்று பின்னால் ஆட்சேபம் எழுந்தது. அந்த முகாமில் வேலை பார்த்தவர் இப்படிச் சொல்வதில் அவருக்கே ஒரு சௌகரியமும் இருந்தது. அது உண்மையாகவே இருந்தாலும், டேகல் கவிதையின் முதல் பகுதியில் காவலர்கள் பார்த்த மனிதரைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். இரண்டாம் பகுதி மனிதரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?