325க்குப் பிறகு

2019 மார்ச்சில், சென்னையைச் சேர்ந்த லிடியன் நாதஸ்வரம் தனது 13 வயதில் அமெரிக்க சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் வென்று பத்து இலட்சம் டொலர் பரிசு பெற்றார். அவரை உலகறியச் செய்தது அந்த மேடையில் வாசித்த ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’. முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகம், பிறகு 325. திருகோணமலையில் பிள்ளைகளைக் கீபோர்ட் வகுப்புக்கு அனுப்பும் வீடுகளில் அந்தக் காணொளி இன்னும் ஓடுகிறது, “பார், உன்ர வயசுதான்” என்ற வசனத்தோடு.

அந்த வாசிப்பு இலேசானதல்ல. சின்ன வயதிலேயே தாள வாத்தியத்தில் ஊறிய கை அது. தந்தை வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். பியானோ ஆசிரியர் அகஸ்டின் பால். படித்த இடம் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி. விரல் வளையும் வயதில், காது திறந்திருக்கும் வயதில் முறையாகத் தொடங்குவதால் கிடைப்பதை முப்பது வயதில் எவ்வளவு உழைத்தாலும் முழுதாகப் பெறமுடியாது. குழந்தை மேதைமை என்ற ஏற்பாட்டின் உண்மையான பலம் இதுதான்.

ஆனால் என்ன வாசித்தார்? ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் ஓர் ஓபராவின் இடையில் வருவதற்காக வாத்தியக் குழுவுக்கு எழுதிய சிறு துண்டு. பியானோவுக்கென்று எழுதப்பட்டதே அல்ல. தொலைக்காட்சிக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம், வேகத்துக்கு ஓர் எண் உண்டு. ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவின் மெதுவான பகுதியை ஒரு பிள்ளை உருகி வாசித்தால் திரையில் எந்த எண்ணைக் காட்டுவது? கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பதும் இதே வகைதான். பார்க்க வியப்பு, கேட்க ஒன்றும் கூடவில்லை.

பிள்ளையைக் காட்சிப்பொருளாக்கும் இந்த ஆபத்து பழையது. 1887இல் யோசெப் ஹொஃப்மன் என்ற போலந்துச் சிறுவன் நியூயோர்க்கில் மேடைமேல் மேடையாக வாசிக்க வைக்கப்பட்டபோது, சிறுவர் வதைத் தடுப்புச் சங்கம் தலையிட்டது. ஆல்பிரட் கிளார்க் என்ற செல்வந்தர் 50,000 டொலர் கொடுத்தார், 18 வயதுவரை மேடை ஏறக்கூடாது என்ற நிபந்தனையோடு. வாசிக்காமல் இருப்பதற்குப் பணம்! ஹொஃப்மன் பிற்காலத்தில் தன் தலைமுறையின் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவரானார். ஆறு வயதில் பெர்லினில் அரங்கேறிய ரூத் ஸ்லென்சின்ஸ்காவுக்கு அப்படி ஒரு புரவலர் வாய்க்கவில்லை. தந்தையின் கொடுமையான பயிற்சியில் நொந்து, 15 வயதில் மேடையைவிட்டே விலகினார். மீண்டுவரப் பல ஆண்டுகள் பிடித்தன.

அப்படியானால் பெற்றோரையும் தொலைக்காட்சியையும் குறைசொல்லி முடித்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸும் குழந்தை மேதைதான். அவர் எடுத்ததும் மேல்நாட்டு வாத்தியம்தான். 1978இல் ஒன்பது வயதில் குடிவாடாவில் அரங்கேற்றம். 1981இல் சென்னைச் சபா. 1983இல் பெர்லின் ஜாஸ் விழா. அவருக்கு ஒரு படிக்கட்டு இருந்தது: மூத்த பக்கவாத்தியக்காரர்கள், ஆலாபனைக்குக் காத்திருக்கும் ரசிகர்கள், அடுத்த மார்கழியில் மறுபடி ஒரு மேடை. எங்கள் இலங்கைப் பக்கத்தில் தவில் மேதை தெட்சணாமூர்த்தியை வளர்த்ததும் கோயில் திருவிழா மேளச்சமாக்கள். வியப்புக் காட்டிய பிள்ளையை அடுத்த வருடமும் கேட்கும் கூட்டம் அங்கே இருந்தது. பியானோவுக்குத் தமிழ்ச் சூழலில் அந்தப் படிக்கட்டு இல்லை. எனவே லிடியனுக்கு முதற்படியே அமெரிக்கத் தொலைக்காட்சியாக இருக்கவேண்டியிருந்தது.

அதன் பிறகு லிடியன் மேடைப் பியானோ கலைஞராகப் பெயரெடுப்பதைக் காட்டிலும் இசையமைப்பை நாடினார். இளையராஜாவிடம் மாணவரானார், மோகன்லால் இயக்கி 2024இல் வெளியான ‘பரோஸ்’ படத்துக்கு இசையமைத்தார். இதை வீழ்ச்சி என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இருக்கும் வாசலில்தான் நுழையமுடியும்; தமிழ்நாட்டில் இசைக்கு அகலத் திறந்திருக்கும் வாசல் சினிமா. ஆயினும் இழப்பு உண்டு. ஒரே சொனாட்டாவை வெவ்வேறு வயதுகளில் அவர் எப்படி வாசிக்கிறார் என்று ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பு நமக்கு அமையவில்லை.

இலங்கையின் கதையும் வேறல்ல. செலோ கலைஞர் ரோகன் டி சேரம் 11 வயதில் இத்தாலிக்குப் போய் கஸ்பார் கசாடோவிடம் படித்தார். வாழ்க்கையின் பெரும்பகுதி ஐரோப்பாவிலேயே கழிந்தது. கொழும்பிலாவது லயனல் வென்ட் அரங்கும் ஒரு சிம்பொனி வாத்தியக் குழுவும் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் எங்களுக்கு உப்புக்காற்றுத்தான் மிச்சம். பியானோவின் கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதும், சுருதி நிற்காது. ஆகவே பிள்ளைகள் கனமில்லாத 61 கட்டைக் கீபோர்டில் பழகுகிறார்கள். இலண்டன் பரீட்சையின் எட்டாம் தரச் சான்றிதழ் சுவரில் தொங்கத் தொடங்கியதும் வாசிப்பு நின்றுபோகிறது. திறமை வற்றியதால் அல்ல. அதற்குமேல் யாருக்கு வாசிப்பது?

கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. பண்பாட்டுக்குப் பொறுப்பானவர்களும் பழைய பெரிய பாடசாலைகளும் சேர்ந்தால், பராமரிக்கப்படும் ஒரு நல்ல பியானோவும் மாதத்தில் ஒரு மாலை பரிசில்லாத, புள்ளியில்லாத ஒரு மேடையும் எட்டாத செலவல்ல. பெற்றோர் அந்த மாலைகளுக்கு வந்து, தங்கள் பிள்ளை வாசித்து முடிந்த பிறகும் எழும்பிப் போகாமல் மற்றப் பிள்ளைகளையும் கேட்கவேண்டும்.