கை அறியாத காசு

வள்ளூரில் எங்கள் தெருவுக்கு எண்ணூரிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். செதில் ஒட்டிய ஈரக் கையைச் சுருக்குப் பைக்குள் விட்டு, பார்க்காமலே மீதிச் சில்லறையை எடுத்துத் தருவார். சில வருடங்களாக அது முடிவதில்லை. ஒவ்வொரு காசையும் வெயிலில் திருப்பிப் பார்த்து, "இது ஒண்ணா, ரெண்டாப்பா?" என்று கேட்கிறார். கண் மங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் நீட்டிய இரண்டு காசுகளை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டால் எனக்கும் தெரியவில்லை.

ஒன்று, 2007-இல் வந்த, கட்டைவிரலை உயர்த்திய ஒரு ரூபாய். மற்றது, 2011-இல் ரூபாய்க் குறியீட்டோடு வந்த இரண்டு ரூபாய். இரண்டும் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை; இரண்டும் துருப்பிடிக்காத எஃகு. ஒரு ரூபாயின் உடம்பை அப்படியே எடுத்து இரண்டு ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். பழையதும் செல்லும், புதியதும் செல்லும். நாள் முழுக்கச் சில்லறையில் பிழைப்பவருக்கு ஒவ்வொரு தவறும் ஒரு ரூபாய் நட்டம்.

நாணயத்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலைவாசி ஏற ஏற, காசின் மதிப்பைவிட அதிலுள்ள உலோகம் விலை கூடிவிடும். அதனால்தான் செம்பு-நிக்கல் போய் எஃகு வந்தது, காசு சிறுத்தது. மீன் சந்தையில் நனைந்து கசங்கும் பத்து ரூபாய் நோட்டு சீக்கிரமே கிழிந்துபோகும். காசு பல்லாண்டு தாங்கும். கடலோரத்து வியாபாரத்துக்குக் காசுதான் ஏற்றது.

அப்படி வந்த பத்து ரூபாய்க் காசுக்குத் தமிழ்நாட்டில் நேர்ந்தது பெரிய அவமானம். 2009-இல் புழக்கத்துக்கு வந்த இருநிறக் காசு அது. தொடக்கத்தில் வந்த ஒரு வடிவத்தின் முகத்தில் 15 கோடுகள் இருந்தன. 2011-இல் ரூபாய்க் குறியீடு சேர்ந்தபோது 10 கோடுகளாயின. கோடு மாறியதும் சந்தேகம் வந்தது. குறியீடு இல்லாதது போலி என்று வதந்தி கிளம்பியது. அந்தக் குறியீட்டை வடிவமைத்தவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த தமிழர் உதயகுமார் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் மீஞ்சூரிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் "காயின் வேணாம், நோட்டா குடு" என்ற பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒரே மதிப்புக்குப் பத்தாண்டுக்குள் 14 முகங்கள் கொடுத்தால், எது அசல் என்று ஜனங்கள் குழம்பத்தான் செய்வார்கள். வதந்திக்கு விதை போட்டது அந்த அவசரம்தான்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கப் பவுண்டு நாணயத்தை விட்டது. அக்டோபர் 15-க்குப் பிறகு பழைய வட்டப் பவுண்டு கடையில் செல்லாது என்று முன்கூட்டியே நாள் குறித்தது. குழப்பம் சீக்கிரம் தீர்ந்தது. ஆனால் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர எனக்குச் சம்மதமில்லை. உண்டியலிலும் அரிசிப் பானையிலும் காசு சேர்க்கிற ஊர் இது. பழையதைச் செல்லாததாக்காமல் விடுவதே நம் முறையின் பெரிய நன்மை. அந்த நன்மையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை, பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்ட 2016 நவம்பர் 8 இரவு காட்டிவிட்டது. 2023-இல் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோது, அது செல்லும் என்ற தகுதியை நீக்காமல் செய்தது எவ்வளவோ மேல்.

2019-இல் வந்த நாணய வரிசையை மனதாரப் பாராட்டுகிறேன். பார்வையற்றோரை நினைத்துச் செய்தது. 20, 23, 25, 27 மில்லிமீட்டர் என்று மதிப்போடு அளவும் ஏறுகிறது. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், விரல் பட்டதும் தெரியும். புதிய காசுகள் மட்டும் பையில் இருந்தால் அந்த அம்மாவுக்குக் கவலையே இல்லை. ஆனால் 2011-இன் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 2019-இன் இரண்டு ரூபாய் 23. ஒரே பையில் கிடக்கும் இரண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. பழைய வரிசையோடு கலந்து புழங்கும் என்பதை யோசிக்காமல், புதிய வரிசையை மட்டும் தனியே வைத்து அளந்திருக்கிறார்கள்.

நோட்டிலும் இதே கதைதான். 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர், 200 ரூபாயின் நீளம் 146. இரண்டுக்கும் அகலம் ஒன்று. தடவி அறிய மேடான அடையாளம் உண்டு, புழங்கப் புழங்க அதுவும் தேய்ந்துவிடும்.

நாணயச்சாலையிலிருந்து புது வடிவம் வெளியேறும் முன், அதை ஏற்கெனவே புழங்கும் எல்லாக் காசுகளோடும் ஒரு சுருக்குப் பையில் போட்டு, கண்ணை மூடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வடிவம் வந்தால் இருபது ஆண்டாவது நிலைக்க வேண்டும். எல்லா வடிவங்களின் படமும் போட்ட ஒரு தாள், ரேஷன் கடையிலும் பேருந்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இவை அரசும் ரிசர்வ் வங்கியும் செய்ய வேண்டியவை. நம் கையில் இருப்பது ஒன்று: யாராவது பத்து ரூபாய்க் காசை நீட்டினால், கோட்டை எண்ணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அது செல்லும்.