செவ்வானத்தின் கீழ் பழைய முகங்கள்

1978-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில், ஓடும் ரயிலைக் கால்நடையாகவே முந்திச் செல்லும் இளைஞன் ஒருவனைச் சன்னல் வழியே பார்க்கிறாள் ஒரு சிறுமி. பார்த்ததைப் பெற்றோரிடம் சொல்கிறாள், அவர்கள் நம்புவதாயில்லை. அந்தச் சிறுமி, பிற்காலத்தில் சூப்பர்மேனின் காதலியாகப் போகும் லோயிஸ் லேன். நம்ப மறுக்கும் அப்பாவாக அமர்ந்திருப்பவர் கிர்க் அலின். 1948-இல் வந்த 15 பாகத் திரைத்தொடரில் சூப்பர்மேனாக நடித்தவர். அந்த வேடத்தில் திரையில் தோன்றிய முதல் நடிகர் அவர்தான். அருகில் அம்மாவாக இருப்பவர் நோயல் நீல், அதே தொடரின் லோயிஸ். திரையரங்குகளில் ஓடிய பதிப்பில் இந்தக் காட்சியின் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போயிற்று. பின்னால் வந்த பதிப்புகளில்தான் நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. ஆனாலும் சூப்பர்ஹீரோ உலகில் கௌரவத் தோற்றம் என்றொரு மரபு உண்டென்றால், அதன் தலைவாசலில் இந்தத் தம்பதிக்கு இடம் தர வேண்டும். பழைய நாயகன் புதிய நாயகன் ஓடுவதைக் காண்கிறான் என்பதை ஒரு வசன விளக்கமும் இல்லாமல் சொல்லிவிட்ட காட்சி அது.

இந்த வகையை 'மூத்தோர் பாணி' என்று அழைக்கலாம். பழைய முகம் பழைய வேடத்தில் வராது. அப்பாவாக, ஆசானாக, பக்கத்து வீட்டுப் பெரியவராக வரும். இதன் சிகரங்கள் இரண்டு. 1992-இல் 'பேட்மேன்' கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பான காலத்தில், பழைய தொலைக்காட்சி நாயகன் ஒருவனாக நடித்து, அந்த ஒரு வேடத்திலேயே சிக்கி, பிறகு வேலையே கிடைக்காமல் வறுமையில் கிடக்கும் நடிகர் ஒருவரைப் பற்றி ஓர் அத்தியாயம் வந்தது. அந்த நடிகர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஆடம் வெஸ்ட். 1966 முதல் 1968 வரை பேட்மேனாக நடித்து, அந்த முகமூடியைத் தாண்டி வேறு வேடங்கள் கிடைக்காமல் அவரே அவதிப்பட்டவர். குழந்தைப் பருவத்தில் அந்த நாயகனைப் பார்த்துத்தான் தான் இப்படி ஆனதாக பேட்மேன் அவரிடம் சொல்லும்போது, ஒரு நடிகரின் வாழ்நாள் மனக்குறைக்கு இருபது நிமிடக் கார்ட்டூன் மருந்து போட்டுவிடுகிறது.

இன்னொன்று 2003-இல் 'ஸ்மால்வில்' தொடரில் வந்தது. 1978 'சூப்பர்மேன்' படத்தில் நாயகனாக நடித்து, பின்னர் குதிரையிலிருந்து விழுந்து 1995 முதல் சக்கர நாற்காலியில் வாழ்ந்த கிறிஸ்டோபர் ரீவ், விஞ்ஞானி ஒருவராகத் தோன்றி, பின்னாளில் சூப்பர்மேன் ஆகப்போகும் இளம் கிளார்க்காக நடித்த டாம் வெல்லிங்கிடம் அவன் எந்தக் கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொல்கிறார். ரீவை யாரென்றே அறியாத பதின்வயதுப் பார்வையாளருக்கும் அங்கே ஒரு கதை நடக்கிறது. அறிந்தவருக்கோ கண் கலங்கும். இந்த மரபின் முதல் அளவுகோல் என்று நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: முகம் தெரியாதவனையும் காட்சி கைவிடக்கூடாது.

பின்னால் சிடபிள்யூ அலைவரிசையின் தொடர்கள் இந்தப் பாணியைக் குடும்ப வழக்கமாகவே ஆக்கிக்கொண்டன. 'சூப்பர்கேர்ள்' தொடரில் நாயகியின் வளர்ப்புப் பெற்றோராக வந்தவர்கள் ஹெலன் ஸ்லேட்டரும் டீன் கெய்னும். ஸ்லேட்டர் 1984 திரைப்படத்தின் சூப்பர்கேர்ள். கெய்ன் 1993-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் சூப்பர்மேன். நாட்டின் அதிபராக வந்தவர் எழுபதுகளின் வொண்டர் வுமன் லிண்டா கார்ட்டர். 2014-இல் தொடங்கிய 'ஃப்ளாஷ்' தொடரில் நாயகன் பேரி ஆலனின் அப்பாவாக நடித்தவர் ஜான் வெஸ்லி ஷிப், 1990-இல் அதே ஃப்ளாஷாக ஓடியவர். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019 டிசம்பரில் வந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற கிராஸ்ஓவர் வேறொரு கதவைத் திறந்தது. ஐந்து தொடர்களில் ஐந்து பாகங்கள். முதல் மூன்றும் டிசம்பர் 8, 9, 10 தேதிகளில் ஒளிபரப்பாகி, கடைசி இரண்டும் 2020 ஜனவரி 14 அன்று வந்தன. எதிர்ப்பொருள் அலையொன்று பூமிகளை ஒவ்வொன்றாக விழுங்கி வருகிறது. ஒவ்வொரு பழைய படமும் தொடரும் தனித்தனி பூமியில் நடந்தவை என்று வைத்துக்கொண்டால், பழைய நடிகர் தம் பழைய வேடத்திலேயே வரலாம். இதுதான் 'மீள்வருகைப் பாணி'.

இதன் வேர் காமிக்ஸில் இருக்கிறது. 1961-இல் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத, கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த 'ஃப்ளாஷ்' 123-ஆம் இதழில், பேரி ஆலன் இன்னொரு பூமிக்குள் தவறி நுழைந்து, தான் சிறுவயதில் கதைப்புத்தகத்தில் படித்த ஜே கேரிக் என்ற நாற்பதுகளின் ஃப்ளாஷை நேரில் சந்திக்கிறான். வாசகர்கள் மறந்துபோன நாயகனுக்கு அவனுக்கென்றே ஒரு பூமியைக் கொடுத்து அழைத்துவந்த கதை அது. பூமிகள் பெருகிக் குழப்பம் மிஞ்சியபோது, 1985-இல் மார்வ் உல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் 12 இதழ்களில் எல்லாவற்றையும் அழித்து ஒரே பூமியாக்கினார்கள். தொலைக்காட்சி அந்தக் கதையின் தலைப்பை எடுத்துக்கொண்டு நோக்கத்தைத் தலைகீழாக்கியது. காமிக்ஸ் பூமிகளைக் குறைக்க எழுதப்பட்டது. கிராஸ்ஓவரோ இத்தனை பூமிகள் இருந்தன என்று காட்டி வணங்குவதற்காக எடுக்கப்பட்டது. ரசிகர் மகிழ்ச்சிக்காகவே அத்தனை முகங்களும் என்று குறை சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் பாகம் தொடங்கிய ஒரு சில நிமிடங்களுக்குள்ளேயே வானம் சிவக்கிறது. பூமி-89-இல் 1989 'பேட்மேன்' படத்தின் செய்தியாளர் நாக்ஸாக ராபர்ட் வூல் அண்ணாந்து பார்க்கிறார். பூமி-66-இல் முதிய டிக் கிரேசனாக பர்ட் வார்ட் நாயோடு நடந்துகொண்டே, அறுபதுகளின் ராபின் பேசிய அதே தோரணையில் வியக்கிறார். 'டைட்டன்ஸ்' தொடரின் இருவரைப் பழைய காட்சித் துண்டிலிருந்தே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எண்பதுகளில் அந்த 1985 கதையோடு பேருக்கு மட்டும் தொடர்புகொண்ட சில காமிக்ஸ் இதழ்களில் வானம் சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான். கதை தன் பாட்டுக்குப் போகும். ரசிகர்கள் அவற்றைச் செவ்வான இதழ்கள் என்று சலிப்போடு குறிப்பிடுவார்கள். தொடக்கக் காட்சிகள் அந்தச் செவ்வானப் பாணியைச் சேர்ந்தவை. வார்ட் விஷயத்தில் மட்டும் நான் இளகிவிடுகிறேன். ஆடம் வெஸ்ட் 2017-இல் மறைந்துவிட்டார். அந்த வீதியில் ராபின் தனியாக நடப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. படைப்பாளிகள் அதை வலியுறுத்தாமல் விட்டது நல்ல காரியம்.

அதிகம் சர்ச்சைக்குள்ளானது டாம் வெல்லிங்கின் வருகை. 2001 முதல் 2011 வரை 10 பருவங்கள் அவர் கிளார்க்காக நடித்தார். அத்தனை ஆண்டுகளும் அவர் பறக்கக் கூடாது, உடை அணியக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கடைசி அத்தியாயத்தில்தான் அந்த உடை வெளியே வந்தது. அப்போதும் அவரை அதில் முழுமையாகக் காட்டவில்லை. ஆகவே இந்தத் தடவையாவது பார்த்துவிடலாம் என்று காத்திருந்தவர்களுக்கு, பண்ணையில் விறகு வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தலைவர் கிடைத்தார். அவரைக் கொல்ல சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதர் வருகிறான். சூப்பர்மேனின் சக்தியை ஒடுக்கும் கிரிப்டனைட்டைக் கையில் வாங்கிப் பார்த்து அப்படியே தூக்கிப் போடுகிறார் கிளார்க். சக்தியையே விட்டுக்கொடுத்துவிட்டார், அவருக்குப் பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். லெக்ஸுக்கு இது புரிவதே இல்லை. எல்லாவற்றையும் ஒருவன் தானாகத் துறப்பான் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

ஏமாற்றம் அடைந்தவர்களின் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் 'ஸ்மால்வில்' பத்து ஆண்டுகளும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, இந்தப் பையனால் ஒரு சாதாரண வாழ்க்கை வாழ முடியுமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஒரே காட்சி இது. எரிகா டியூரன்ஸ் லோயிஸாக வந்து அவர் பக்கத்தில் நின்றதும் பழைய நெருக்கம் ஒரு நொடியில் திரும்பிவிடுகிறது. உடையைக் காட்டியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். கதைக்கு விடை கிடைத்திருக்காது. இன்னொரு நுட்பமும் உண்டு: லெக்ஸாக நடித்த ஜான் கிரையர், 1987-இல் வந்த நான்காம் 'சூப்பர்மேன்' படத்தில் லெக்ஸின் உடன்பிறந்தார் வழிப் பிள்ளை என்ற கோமாளித்தனமான வேடத்தில் வந்தவர். காட்சியின் இரு பக்கத்திலும் பழைய கணக்கொன்று இருக்கிறது.

கெவின் கன்ராய் விஷயத்தில் இத்தனை தாராளமாக என்னால் இருக்க முடியவில்லை. 1992 முதல் கார்ட்டூன்களிலும் பிறகு வீடியோ விளையாட்டுகளிலும் பேட்மேனின் குரலே அவர்தான். அந்தக் குரலுக்கு உரியவர் முதன்முறையாக உடலோடு புரூஸ் வெய்னாக நடித்தது இங்கேதான். பூமி-99-இன் புரூஸ் உலோகச் சட்டகத்தால் தாங்கப்பட்ட உடல் கொண்டவர், சூப்பர்மேனையே கொன்றவர், சில நிமிடங்களில் மின்சாரம் தாக்கிச் சாகிறார். பேட்வுமனாகிய கேட், தான் என்ன ஆகிவிடக்கூடும் என்பதைக் காண இப்படியொரு கண்ணாடி தேவை என்பது சரி. கன்ராயின் நடிப்பிலும் குறையில்லை. ஆனால் அந்தக் கார்ட்டூன் புரூஸின் கடந்தகாலம் எதுவும் இந்த மனிதருக்குப் பின்னால் இல்லை. இருபத்தேழு ஆண்டுகளாக அந்தக் குரல்மேல் நாம் வைத்த அன்பைக் கடனாக வாங்கி, முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 2022 நவம்பரில் கன்ராய் மறைந்தார். அவர் உடலோடு நம்முன் நின்ற புரூஸ் இவர் ஒருவர்தான் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பிரான்டன் ரௌத்தை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். 2006-இல் சூப்பர்மேனாக நடித்தார். அடுத்த படம் வரவேயில்லை. பின்னர் இதே தொடர்களில் ஆட்டம் என்ற நகைச்சுவை இழையோடும் நாயகனாக நிலைபெற்றார். கிராஸ்ஓவரில் இரண்டு வேடமும் அவருக்கே. பூமி-96-இன் சூப்பர்மேன் நண்பர்களையும் லோயிஸையும் ஜோக்கரிடம் இழந்தவர். மார்பில் கறுப்புப் பின்னணிச் சின்னம், 1996-இல் மார்க் வெய்டும் அலெக்ஸ் ராஸும் படைத்த 'கிங்டம் கம்' காமிக்ஸில் உள்ளது போல. கன்ராயின் புரூஸுக்கு நேர்ந்ததைவிடக் குறைந்த துயரமல்ல இது. ஆனால் அவர் கசந்துபோகவில்லை. அந்த மென்மையும் நிதானமும் 2006 படத்தில் அவர் சம்பாதித்தவை. இங்கே அவருடைய சொந்த முதலே செலவாகிறது. முடிவில் பூமிகள் மீளும்போது அவர் சின்னத்தில் மஞ்சள் நிறம் திரும்புகிறது. கைவிடப்பட்ட ஒரு நடிப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை அது.

மற்றவற்றில் பலவும் விரைந்து கடக்கத்தக்கவை. 'லூசிஃபர்' தொடரின் டாம் எல்லிஸ் அதே வேடத்தில் சிரிப்பூட்டிவிட்டுப் போகிறார். 'பேர்ட்ஸ் ஆஃப் பிரே' தொடரின் ஹன்ட்ரஸாக ஆஷ்லி ஸ்காட் நொடியில் மறைகிறார். மூலக்கதை எழுதிய உல்ஃப்மன் தெருவில் சூப்பர்கேர்ளையும் ஃப்ளாஷையும் நிறுத்திக் கையெழுத்துக் கேட்கும் ரசிகராக வருகிறார். தான் எழுதி வளர்த்தவர்களிடமே அவர் காகிதத்தை நீட்டுவது அழகு. சினிமாவின் ஃப்ளாஷான எஸ்ரா மில்லரும் தொலைக்காட்சியின் ஃப்ளாஷான கிராண்ட் கஸ்டினும் எதிரெதிரே நின்ற காட்சியை ஒளிபரப்பும் வரை ரகசியமாகவே காத்தார்கள். அதிர்ச்சி பெரிது, ஆனால் அந்தக் காட்சியை எடுத்துவிட்டாலும் கதையில் ஓர் இழை அறுபடாது. 2023-இல் மில்லரின் திரைப்படம் இன்னும் கீழே இறங்கியது. மறைந்த ஜார்ஜ் ரீவ்ஸ், கிறிஸ்டோபர் ரீவ் ஆகியோரின் உருவங்களைக் கணினியில் செய்து வரிசையாக நிறுத்தியது. உயிரோடு வந்து, வயதான முகத்தோடு நின்று, நடித்துக் காட்டுவதற்குப் பெயர்தான் கௌரவத் தோற்றம். உருவத்தை மட்டும் ஓட்டிக் காட்டுவதை இந்த மரபில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி ஷிப். 2014-இன் 'ஃப்ளாஷ்' தொடரின் முதல் அத்தியாயத்திலேயே எதிர்காலச் செய்தித்தாள் ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: நெருக்கடி ஒன்றில் ஃப்ளாஷ் மறைந்துபோகிறான் என்று அதில் இருந்தது. 1985 காமிக்ஸில் எதிர்ப்பொருள் பீரங்கியை அழிக்க ஓடியே பேரி ஆலன் இறந்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஐந்து ஆண்டுகள் அந்த மரணத்துக்காகக் காத்திருந்தோம். மூன்றாம் பாகத்தில் அந்தப் பீரங்கி அகப்படுகிறது. அதை இயக்கும் ஓட்டப்பொறியில் கட்டாயத்தின் பேரில் ஓடிக்கொண்டிருப்பவர் பூமி-90-இன் பேரி ஆலன். அதைத் தகர்க்க ஒருவர் எதிர்த்திசையில் ஓடிச் சாக வேண்டும். கஸ்டின் தயாராகிறார். ஷிப் அவர் வேகத்தைத் தற்காலிகமாக உறிஞ்சிக்கொண்டு தாமே ஏறிவிடுகிறார். ஃப்ளாஷ் சாக வேண்டும் என்பது விதி. எந்த ஃப்ளாஷ் என்று அது சொல்லவில்லை.

ஒரே பருவத்தோடு நின்றுபோன தொடர் அவருடையது. அதன் நாயகனுக்கு முடிவென்று ஒன்று எழுதப்படவே இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, இன்னொருவர் தொடருக்காக எழுதி வைத்திருந்த சாவை அவர் வாங்கிக்கொள்கிறார். திரையில் தந்தையாக நடித்தவரின் முகம், மகனாக நடித்தவரின் இடத்தில் ஓடுகிறது. மூத்தோர் பாணியும் மீள்வருகைப் பாணியும் அந்த ஒரு காட்சியில் ஒன்றாகிவிடுகின்றன. கடைசி நொடியில் 1990 தொடரின் காட்சித் துண்டு வருகிறது: இளம் ஷிப்பும், நாயகனின் தோழி டீனா மெக்கீயாக அமாண்டா பேஸும். தொடக்கத்தில் 'டைட்டன்ஸ்' துண்டு ஒட்டுவேலையாகத் தெரிந்ததற்கும் இது நினைவாகவே தெரிவதற்கும் காரணம், இங்கே நினைத்துப் பார்க்க ஒரு மனிதர் எதிரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பழைய தொடரை ஒருநாளும் பார்த்திராதவர்களும் அந்தக் காட்சியில் அழுதார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கோ 1991-இல் பாதியில் நின்ற கதை அன்றுதான் முடிந்தது.